கம்பஸா, கொரிய வகுப்பா: திருமலைப் பிள்ளைகள் எதற்காகப் படிக்கிறார்கள்?

உயர்தரப் பெறுபேறு வெளியானதும் திருகோணமலையில் பிள்ளையிடம் முதலில் கேட்கப்படுவது "கம்பஸ் கிடைக்குமா?" என்பதுதான். எந்தப் பாடம், எந்த ஊர், படித்து முடித்து என்ன செய்வது என்பதெல்லாம் அப்புறம். சில வீடுகளில் அந்தக் கேள்விகள் கடைசிவரை வருவதே இல்லை. பெறுபேறு கொஞ்சம் சறுக்கினால் பேச்சு உடனே வேறு பக்கம் திரும்பும். கொரிய வகுப்புக்குப் போவதா, ஜப்பான் மொழி படிப்பதா, இல்லாவிட்டால் ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சை எழுதி லண்டன் பக்கம் பார்ப்பதா? பல்கலைக்கழகம் ஒரு வழி, பிற மொழி இன்னொரு வழி, இரண்டுமே பிழைப்புக்கான வழி என்றுதான் எங்கள் ஊர் கணக்குப் போடுகிறது.

இதைப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வமில்லை, காசுதான் குறி" என்று சொல்லிவிடுவது சுலபம். பெற்றோர் கூட்டங்களிலும் இதைக் கேட்கிறோம், கோயில் வீதியிலும் கேட்கிறோம். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. ஒரு பிள்ளையின் ஆர்வம் அதன் குணத்திலிருந்து மட்டும் பிறப்பதில்லை. எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது பாதி சாத்தியிருக்கிறது என்று பார்த்துத்தான் ஆசையும் வளைகிறது. பிள்ளைகளைக் குறை சொல்வதற்கு முன்னர் அந்தக் கதவுகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பல்கலைக்கழகம். நாடு முழுவதும் ஒவ்வொரு தடவையும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்களில் அண்மைய ஆண்டுகளில் இருந்த இடமோ 40 ஆயிரத்தைச் சுற்றித்தான். 2001 முதல் இந்த இடங்கள், பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் இசட் புள்ளியின்படி பகிரப்படுகின்றன. மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களின் மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படுகிறது. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மொழிவாரியாகச் சரிக்கட்டிய 1970களின் தரப்படுத்தல் யாழ்ப்பாணத்தில் உண்டாக்கிய காயம் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, அது எழுதப்படவும் வேண்டியது. அதே காலத்தில் வந்த மாவட்ட ஒதுக்கீடு திருகோணமலை, மன்னார் போன்ற மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு அதற்கு முன் இல்லாத இடத்தைத் தந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. பிள்ளை விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை வரிசைப்படுத்தி எழுதுகிறது, வெட்டுப்புள்ளி எதுவரை எட்டுகிறதோ அது கிடைக்கிறது. மருத்துவத்துக்கு ஆசைப்பட்டவருக்கு சித்த மருத்துவமோ விவசாயமோ கிடைக்கலாம். சட்டம் கேட்டவருக்கு மொழிகளோ தொடர்பாடலோ கிடைக்கலாம். கிடைத்ததை விட்டுவிட்டு மறுபடி பரீட்சை எழுதும் துணிவும் வசதியும் எல்லா வீட்டிலும் இல்லை. ஆகவே முதலாம் ஆண்டு விரிவுரை மண்டபத்தில் இருப்பவர்களில் பலர், தாங்கள் தேடி வராத ஒரு பாடத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கம்பஸ் மீது ஆர்வம் இருந்தது, இருக்கிறது. பாடத்தின் மீதான ஆர்வம் இனிமேல்தான் வர வேண்டும்.

கம்பஸ் மீதான அந்த ஏக்கத்துக்குப் பல வேர்கள். 1945இல் வந்த இலவசக் கல்வி, காணியோ கடையோ இல்லாத குடும்பத்துக்கும் ஒரு பட்டதாரியைத் தந்தது. பட்டம் என்றால் அரசாங்க உத்தியோகம், மாதச் சம்பளம், ஓய்வூதியம் என்ற நம்பிக்கை அதோடு வளர்ந்தது. யுத்தம் அதற்கு இன்னொரு பாரத்தைச் சேர்த்தது. 2006இல் சம்பூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் பத்து வருடம் அளவில் காலம் தள்ளிய குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். வீடும் வயலும் கையை விட்டுப் போனதைக் கண்ட தாய் தகப்பனுக்கு, பிள்ளையின் படிப்பு மட்டும் யாரும் வேலி போட்டு மறிக்க முடியாத சொத்தாகத் தெரிந்தது. பெண் பிள்ளைகளுக்கு வேறொரு காரணமும் உண்டு. ஊரை விட்டு வெளியே போய், விடுதியில் தங்கி, தன் காலில் நிற்பதற்கு வீடு மறுபேச்சின்றிச் சம்மதிக்கும் வழி அநேகமாக அது ஒன்றுதான்.

இந்த நம்பிக்கை ஏற்கனவே ஆட்டம் கண்டுவிட்டது. 2017இல் கிழக்கு மாகாணத்தில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியில் இருந்தார்கள், திருகோணமலையிலும் இருந்தார்கள். 2020இல் நாடு முழுவதும் 50 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பட்டதாரிப் பயிலுனர்களாக உள்வாங்கப்பட்டார்கள். சமூகவியல் படித்தவரும் பௌதிகவியல் படித்தவரும் ஒரே பயிலுனர் பட்டியலில் வந்தார்கள். பட்டம் வேண்டும், அது என்ன பட்டம் என்பது முக்கியமில்லை என்று அரசாங்கமே பாடம் நடத்தியபிறகு, பிள்ளை அப்படி நினைப்பதில் என்ன வியப்பு?

ஊக்கம் பற்றி ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் 1980களில் சொன்ன ஒரு விடயம் இங்கே உதவும். வெளியிலிருந்து வரும் காரணம், உள்ளிருந்து வரும் விருப்பம் என்று இரண்டே பெட்டிகள் இருப்பதாக அவர்கள் கருதவில்லை. வீட்டாருக்காகத் தொடங்கிய படிப்பு காலப்போக்கில் தன்னுடையதாகலாம். அதற்கு மூன்று விடயங்கள் வேண்டும்: தானே முடிவெடுக்கச் சற்று இடம், "என்னால் ஏலும்" என்ற நம்பிக்கை, தன்னை மதிக்கிற மனிதர்கள். மூன்றும் இல்லாத இடத்தில் ஆசையோடு வந்த பிள்ளையும் சோர்ந்துபோகும். மூன்றும் உள்ள இடத்தில் தற்செயலாகக் கிடைத்த பாடமும் பிடித்துப்போகும். பிள்ளை ஏன் வந்தது என்பதைவிட, வந்தபின் அதற்கு என்ன நடக்கிறது என்பதில்தான் நான் கவனம் வைப்பேன்.

வந்தபின் நடப்பவற்றில் மிகக் கடினமானது ஆங்கிலம். பதின்மூன்று வருடம் தமிழில் படித்த பிள்ளை, பல கற்கைநெறிகளில் முதல் நாளே ஆங்கில விரிவுரைக்குள் இறக்கிவிடப்படுகிறது. பாடம் விளங்காதது பாடத்தாலா மொழியாலா என்று அதற்கே தெரியாது. "என்னால் ஏலும்" என்ற நம்பிக்கை உடைவது இங்கேதான். உயர்தரத்தில் இரசாயனவியலை ரசித்துப் படித்த பிள்ளை, கம்பஸில் அதைக் கண்டு பயப்படுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பரீட்சை முடிந்து கம்பஸ் தொடங்கும்வரை பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்கள். அந்த நாட்களில் ஆங்கிலத்தை ஓர் அந்தஸ்தாகப் பார்க்காமல், தனக்குக் கிடைக்கப்போகும் பாடத்தின் கருவியாகப் பார்த்து, அந்தப் பாடத்தின் ஆங்கிலப் புத்தகம் ஒன்றையாவது மெல்ல மெல்ல வாசித்தால் எத்தனையோ பேர் தப்புவார்கள்.

இனி மற்ற மொழிகள். 2022இன் பொருளாதார நெருக்கடி எல்லாவற்றையும் வேகப்படுத்தியது. பெற்றோல் வரிசையும் மின்வெட்டும் இருந்த அந்த ஒரே ஆண்டில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனதாக வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவாகியிருக்கிறது. பட்டம் இருந்தாலும் மொழி வேண்டும் என்ற எண்ணம் கம்பஸுக்குள்ளும் வந்துவிட்டது.

மொழி கற்கும் ஊக்கம் பற்றிய ஆராய்ச்சி கனடாவின் மொன்றியலில் தொடங்கியது எனலாம். 1959இல் ரொபர்ட் கார்ட்னரும் வொலஸ் லம்பேர்ட்டும், பிரெஞ்சு படித்த ஆங்கிலம் பேசும் மாணவர்களை ஆராய்ந்தார்கள். அந்த மொழி பேசும் மக்களோடு நெருங்க விரும்பிப் படிப்பவர்கள், வேலைக்காகப் படிப்பவர்களைவிட நன்றாகக் கற்றார்கள் என்றது அந்த ஆய்வு. எங்கள் பக்கத்து வாழ்க்கைக்கு இது அப்படியே பொருந்தாது. 1972இல் பம்பாயில் மராத்தி பேசும் மாணவிகளிடம் யாஸ்மின் லுக்மானி செய்த ஆய்வு வேறு முடிவைத் தந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலேயர்போல ஆகும் ஆசை இல்லை. வேலையும் முன்னேற்றமும்தான் நோக்கம், அந்த நோக்கம் பலமாக இருந்தவர்களே ஆங்கிலத்திலும் நன்றாகச் செய்தார்கள். காசுக்காகப் படிக்கிற மொழி மனதில் நிற்காது என்கிற நம்மூர்க் கண்டிப்புக்கு ஐம்பது வருடங்களுக்கு முன்பே கிடைத்த பதில் அது.

ஆனால் வேலைக்காக என்பதிலும் வேறுபாடு உண்டு, திருகோணமலையில் அது தெளிவாகவே தெரிகிறது. கொரியாவுக்கு 2004இன் உடன்படிக்கைக்குப் பின் இ.பி.எஸ். என்ற அரச வேலை அனுமதி முறையில் ஆட்கள் போகிறார்கள். 18 முதல் 39 வயது வரை, தொழிற்சாலை, கட்டுமானம், விவசாயம், மீன்பிடி போன்ற வேலைகளுக்கு. கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் கடலை அறிந்த பொடியன்களுக்கு மீன்பிடிப் பிரிவு இயல்பாகவே பொருந்துகிறது. இந்த மொழிப் பரீட்சையில் வாசிப்பும் கேட்டலும்தான், பேச வேண்டியதில்லை. ஆகவே வகுப்பிலும் வாய் திறக்க வேண்டியதில்லை. சித்தியடைந்தவர் வேலை தேடுவோர் பட்டியலில் ஏறுகிறார், கொரிய முதலாளி தெரிவு செய்தால்தான் பயணம், பெறுபேறு செல்லுபடியாவது இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் அழைப்பு வராதவர் படித்ததையெல்லாம் மறந்துவிடுவது அவருடைய சோம்பல் இல்லை. மொழியைப் புழங்க ஓர் இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இந்த முறையில் ஆள் அனுப்பும் அதிகாரம் பணியகத்துக்கு மட்டும்தான். "நான் இ.பி.எஸ்.இல் ஏற்றிவிடுகிறேன்" என்று எந்தத் தரகர் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ஜப்பான் கதை வேறு. 2019 ஏப்ரலில் அந்த நாடு தொடங்கிய குறித்த திறன் விசாவுக்கு ஜப்பான் மொழித் தேர்ச்சிப் பரீட்சையின் என்.4 மட்டமோ அதற்கு இணையான அடிப்படை மொழிப் பரீட்சையோ வேண்டும். முதியோர் பராமரிப்புக்குப் போகிறவர் அந்த வேலைக்கான தனி மொழிப் பரீட்சையும் எழுத வேண்டும். தொழிற்சாலையில் மொழி தெரியாமலும் ஓரளவு சமாளிக்கலாம். படுக்கையில் இருக்கும் எண்பது வயது அம்மாவுக்கு எங்கே நோகிறது என்று கேட்பதற்கு மொழிதான் வேலையே. இப்படிப் போக ஆயத்தமாகிறவர்கள் பேசிப் பழகுகிறார்கள், மரியாதைச் சொற்களைக் கவனிக்கிறார்கள், முதியவர்களின் பழக்கவழக்கங்களைத் தேடி அறிகிறார்கள். காசுக்காகத் தொடங்கிய மொழி மனிதருக்கான மொழியாக மாறுவது இந்த வகுப்புகளில்தான் அதிகம்.

ஜேர்மன், பிரெஞ்சு மொழிகளில் குடும்பம் வந்துவிடுகிறது. ஜேர்மனியில் இருக்கும் துணையிடம் போகிறவர் பொதுவாக ஏ1 என்ற ஆரம்ப மொழி மட்டம் காட்ட வேண்டும் என்பது 2007 முதல் சட்டம். கல்யாணம் பேசி முடிந்த பிள்ளை, திருகோணமலையிலிருந்து இரவு ரயிலேறி 250 கிலோமீற்றருக்கும் அப்பால் கொழும்பில் பரீட்சை எழுதிவிட்டு வருகிறது. இது வேலைக்கான ஊக்கமா, மக்களோடு நெருங்கும் ஊக்கமா? கார்ட்னரின் இரண்டு வகையிலும் இதற்கு இடமில்லை. பாரிஸில் தமிழ் அரைகுறையாகப் பேசும் பேரப்பிள்ளையோடு தொலைபேசியில் கதைப்பதற்காக நாலு பிரெஞ்சுச் சொல் கேட்டுப் பழகும் அம்மம்மாவை நான் பார்த்திருக்கிறேன். நான் கண்ட மொழி மாணவர்களில் அவரைவிட ஆர்வமான ஒருவர் இல்லை.

அரபு பற்றிப் பேசும்போது மனம் கனக்கிறது. மூதூர், கிண்ணியாப் பெண்கள் எத்தனையோ பேர் சவூதி, குவைத் வீடுகளின் குசினிகளில், புத்தகமில்லாமல், ஆசிரியரில்லாமல், ஏச்சுக் கேட்டுக் கேட்டே அரபு பேசக் கற்றார்கள். அதை ஒரு மொழித்திறமை என்று யாரும் எங்கும் பதிந்ததில்லை. மூதூரிலிருந்து 2005இல் சவூதிக்குப் போன இளம் பெண் 2013 ஜனவரியில் மரண தண்டனைக்குள்ளானபோது, விசாரணையில் அவருக்குத் தகுதியான மொழிபெயர்ப்பாளர் இருக்கவில்லை என்பதை மனித உரிமை அமைப்புகள் உலகுக்கே எடுத்துச் சொல்லியிருந்தன. மொழி தெரிவது சம்பளத்தைக் கூட்டும் என்று மட்டும் விளம்பரம் செய்கிறோம். தன் பக்கத்து உண்மையைத் தன் வாயால் சொல்லவும் அது வேண்டும் என்பதை இந்த மாவட்டம் மறக்கவே கூடாது.

எத்தனை மாதத்தில் படிக்கலாம் என்பது வகுப்புகளில் அடிக்கடி எழும் கேள்வி. அமெரிக்க இராஜதந்திரிகளுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனம், தொழில்முறை மட்டத்துக்கு ஜப்பான், கொரிய, அரபு மொழிகளுக்கு 2,200 வகுப்பு மணித்தியாலம் என்று கணக்கிடுகிறது. பிரெஞ்சுக்கு அதில் மூன்றில் ஒன்று போதும். ஆனால் அந்தக் கணக்கு ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு. தமிழ்ப் பிள்ளைக்கு ஜப்பானும் கொரியமும் இலக்கணத்தில் அவ்வளவு அந்நியம் இல்லை: வினை கடைசியில் வருகிறது, உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டுகின்றன, உறவுக்கும் வயதுக்கும் ஏற்ப மரியாதை மாறுகிறது. ஆங்கிலத்தின் வழியாக இந்த மொழிகளைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் இந்த அனுகூலத்தை வீணாக்குகின்றன. தமிழிலிருந்து நேரே கற்பிக்கும் ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

இவ்வளவு மொழிகளுக்கு ஆலாய்ப் பறக்கும் ஊரில், பக்கத்துக் கடைக்காரர் பேசும் சிங்களத்துக்கு ஏன் இந்த ஆர்வம் இல்லை? 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் முஸ்லிம்கள் 40 வீதம் அளவில், தமிழர் 30 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் 27 வீதம் அளவில். சந்தையிலும் ஆஸ்பத்திரியிலும் பஸ் நிலையத்திலும் தினமும் காதில் விழுகிற மொழி. அரச சேவையில் 2007 நடுப்பகுதிக்குப் பின் சேர்ந்தவர்கள் மற்ற அரசகரும மொழியில் ஐந்து வருடத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்ற சுற்றறிக்கையும் இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பெரிய ஊக்கம் வேண்டியதில்லை.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த சில வாரங்களிலேயே, ஆகஸ்டில், தமிழரசுக் கட்சி மொழிச் சம உரிமை கேட்டு மாநாடு நடத்தியது இந்த ஊரில்தான். 1961இல் கச்சேரிகளின் (மாவட்ட அரச செயலகங்களின்) முன்னால் சத்தியாக்கிரகம் இருந்த ஊர்களில் திருகோணமலையும் ஒன்று. கட்டளையாக வந்த மொழி மனதுக்குள் இறங்குவதில்லை. ஹங்கேரியில் 1989 வரை பள்ளிக்கூடங்களில் ரஷ்ய மொழி கட்டாயம். வருடக்கணக்கில் படித்தும் பெரும்பாலோர் அதைப் பேசக் கற்கவில்லை. அந்நாட்டு மொழியியலாளர் சோல்தான் டோர்ன்யெய் மாணவர்களின் மொழி ஊக்கத்தைப் பல வருடங்கள் ஆராய்ந்து, 2005இல் ஒரு விளக்கம் தந்தார். ஒரு மொழியைப் பேசுகிறவனாகத் தன்னை எதிர்காலத்தில் கற்பனை செய்ய முடிந்தால்தான் பிள்ளை அதைத் தொடர்ந்து கற்கும். கொரியாவிலும் ஜப்பானிலும் தன்னைக் காண்கிற எங்கள் பொடியன், அனுராதபுரத்தில் ஓர் அலுவலகத்தில் மதிப்போடு வேலை செய்கிறவனாகத் தன்னைக் காண்பதற்கு இந்த நாடு இடம் வைத்ததா என்று கேட்க வேண்டும். தமிழ் கற்க வேண்டிய சிங்கள உத்தியோகத்தரைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

இத்தனைக்கும் சிங்களம் நன்றாகப் பேசும் தமிழர் ஊரில் நிறையப் பேர். மீன் வாடிக்காரர், ஓட்டோ ஓட்டுகிறவர், சந்தை வியாபாரி என்று பரீட்சை எழுதாதவர்கள் பேசுகிறார்கள். பரீட்சையில் சித்தியடைந்து சான்றிதழ் வைத்திருக்கும் உத்தியோகத்தர் பலர் ஒரு வசனம் சொல்லத் திணறுகிறார்கள். சந்தையில் மொழிக்கு வேலை இருக்கிறது, எதிரில் ஒரு மனிதர் நிற்கிறார்.

அந்தச் சந்தையைக் கம்பஸுக்குள்ளும் கொண்டுவரலாம். நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. 1993இல் சிறியதாகத் தொடங்கி 2001இல் வளாகமானது. மொழிகளுக்கும் தொடர்பாடலுக்கும் அங்கே ஒரு துறையே உண்டு. தென்னிலங்கைப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து, இருவருக்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் திணறுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் ஒரு தமிழ்ப் பிள்ளையும் ஒரு சிங்களப் பிள்ளையும் சோடியாக உட்காரட்டும். ஒரு மணித்தியாலம் தமிழ், ஒரு மணித்தியாலம் சிங்களம், புள்ளி வேண்டாம், பரீட்சை வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் வெளிநாட்டார் நிறைந்திருக்கும் பருவத்தில், மொழி படிக்கும் மாணவர்களைப் பாடநெறியின் பகுதியாகவே அங்கே அனுப்பலாம். ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பகுதியிலும் பிரதேச செயலகங்களிலும் மொழி தெரியாமல் தடுமாறுகிறவருக்குத் துணை நிற்க வைக்கலாம். புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. நேரசூசியில் இடம் ஒதுக்கி, ஆஸ்பத்திரிக்கும் விடுதி உரிமையாளர்களுக்கும் கடிதம் எழுதினால் அடுத்த செமஸ்டரிலேயே தொடங்கலாம்.